இடம் கொடுங்கள்: பால்வாடி டீச்சர் பதில்கள்

(இந்த மாதம் சின்னக் குழந்தைகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டில் (செம்மணல் மேட்டுப் பகுதி) உள்ள கிராமம் ஒன்றில் 27 ஆண்டுகளாக அங்கன்வாடி ஆசிரியராக இருப்பவர். பெயர் வேண்டாம், ‘பால்வாடி டீச்சர்’ என்றே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.)

என் மகளுக்கு மூன்று வயது. காலையில் பையை எடுத்தாலே அழ ஆரம்பித்துவிடுகிறாள். இரண்டு வாரமாக இதே பாடு. விட்டுவிட்டு வரும்போது எனக்கும் அழுகை வருகிறது. இன்னும் எத்தனை நாள் இப்படி?
– வாசகி, கோவில்பட்டி

இரண்டு வாரம் அதிகமில்லை, தங்கச்சி. மூன்றாம் நாளே சிரித்துக்கொண்டு வந்த பிள்ளைகளும் என்னிடம் உண்டு, இரண்டு மாதம் அழுத பிள்ளைகளும் உண்டு. வந்த முதல் நாளே சத்தம் காட்டாமல் மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். உங்கள் மகள் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். அது நல்லதுதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பும்போது சொல்லாமல் நழுவி வந்துவிடாதீர்கள். அப்படி ஒரு தடவை வந்துவிட்டால் மறுநாளிலிருந்து அவள் உங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டாள், விளையாட்டிலும் மனம் போகாது. “அம்மா போறேன், நீ சோறு சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவளுக்கு மணி தெரியாது, சோறு தெரியும், தூக்கம் தெரியும். சொன்னபடி போய் நில்லுங்கள்.

போன வருஷம் ஒரு பையன் கையில் ஒரு துணித் துண்டோடு வந்தான். அவனுடைய ஆச்சி தன் பழைய சேலையில் ஒரு சாண் கிழித்துக் கொடுத்திருந்தார்கள். அடுப்புப் புகையும் வெற்றிலையும் கலந்த வாசம் அதில் அடிக்கும். முதல் வாரம் அதை மூக்கிலேயே வைத்திருந்தான். அடுத்த வாரம் நிக்கர் பையில் இருந்தது. மூன்றாம் வாரம் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு விளையாடப் போனான், சாயங்காலம் அதை மறந்துவிட்டு வீட்டுக்கும் போய்விட்டான். நான் ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீயே வச்சிரு டீச்சர், மேலுக்கு முடியாமப் போனா கேப்பான்” என்றார்கள். கார்த்திகை மழையில் சளி பிடித்தபோது வந்து கேட்கத்தான் செய்தான். நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைப் படிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சேலை இருக்கும்.

நீங்கள் கிறிஸ்தவர் என்று அறிகிறேன். அங்கன்வாடிக்கு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்களே. அவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பீர்களா? உங்கள் விசுவாசத்துக்கு இந்த வேலையில் என்ன இடம்?
– வாசகர், தென்காசி

சொல்லிக்கொடுப்பதில்லை, ஐயா. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். மூன்று வயதுப் பிள்ளை நான் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும். வீட்டில் போய் “டீச்சர் சொல்லுச்சு” என்று சாதிக்கும். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு, அதன் அப்பா அம்மா கும்பிடுகிற சாமிக்கு விரோதமாக ஒரு சொல்லை அதன் வாயில் வைத்தால் அது திருட்டு. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எங்கள் சபையில் உபதேசியார், அதாவது பாதிரியாருக்கு உதவியாக ஜெபம் நடத்துகிறவர். பேர்தான் பெரிது, சம்பளம் சொற்பம். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த வருஷமே எங்கள் ஊர்ப் பால்வாடியில் அம்மாவுக்கு ஆயா வேலை கிடைத்தது. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் ஓடுவேன். உலை வைக்கும்போது அம்மா ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்து நிற்பாள், உதடு மட்டும் அசையும். பிறகு பருப்பை முறத்தில் பரப்பி ஒரு கல் விடாமல் பொறுக்குவாள். மேற்பார்வைக்கு யாராவது வருகிற நாளும், யாரும் வராத நாளும் அவளுக்கு ஒன்றுதான். பிள்ளைகளிடம் ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கல் பொறுக்கியதுதான் அவளுடைய ஜெபம் என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆனது.

எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா அடிக்கடி வாசிக்கிற இடம் பைபிளில் மாற்கு 10-ம் அதிகாரம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைச் சீஷர்கள் அதட்டுகிறார்கள். இயேசுவுக்கு அது பிடிக்கவில்லை. சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள் என்கிறார். அப்புறம் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போதித்ததாக அந்த இடத்தில் ஒரு வரி கிடையாது. அணைத்துக்கொண்டார், தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்தார், அவ்வளவுதான். எனக்கு வேலையில் தேவைப்படுகிற வேதபாடம் அதோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் இடம் கொடுப்பது சொல்கிற அளவுக்கு லேசு இல்லை. எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா, பெரிதாக நடக்கும். நான் வளர்ந்த வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். வேலைக்கு வந்த புதிதில், கொடை முடிந்த மறுநாள், நாலு வயதுப் பையன் ஒருவன் மையத்தின் வாசலில் சாமி ஆடினான். இன்னொருத்தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டடித்தான். எனக்குத் திக்கென்றது. நிறுத்தச் சொல்லத்தான் எழுந்து போனேன். போய் நின்றால், முட்டியைப் பேர்த்துக்கொண்டு அழுத ஒரு சின்னப்பிள்ளை கைகூப்பி அவன் முன்னால் நிற்கிறது. அவன் ஆடுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து, செம்மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் பூசி, “சரியாப் போயிரும், போ” என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். பிறகு எதை நான் நிறுத்துவது? காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். மரத்திலிருந்து வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து அவன் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி இதை வீட்டில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாதான் கேட்டாள்: “அந்தப் பிள்ளைக்கு வலி நின்னுச்சா?”

‘பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்’ என்று நீதிமொழிகளில் இருக்கிறது. இதைச் சொல்லி என் மாமியார் நாலு வயது மகனை அடித்து வளர்க்கச் சொல்கிறார்கள். ‘ரொம்ப இடம் கொடுக்கிறாய்’ என்று என் மேல் குறை. நீங்கள் பிள்ளைகளை அடிப்பீர்களா?
– வாசகி, நாகர்கோவில்

அடித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. 1999-ல், வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம்.

அந்தப் பிள்ளை எல்லாரையும் கடித்துவிடும். அன்றைக்கு ஒரு கைக்குழந்தையின் கன்னத்தில் பல் பதிந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி, விளக்குமாற்று ஈர்க்கை உருவி அவள் கையில் ஒன்று போட்டேன். அழவில்லை. என்னையே பார்த்தாள். மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு மூலையில் ஏதோ சத்தம் கேட்டது. அவள் மரப்பாச்சியைப் படுக்கப்போட்டு, ஒரு குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். “கடிப்பியா? இனிமே கடிப்பியா?” வார்த்தை மட்டும் இல்லை, குரலும் அப்படியே என் குரல். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பாவிடம் போய் அழுதேன். நீங்கள் சொல்கிற அதே வசனத்தை நானும் கேட்டேன். அப்பா சின்ன வயதில் தேரியில் ஆடு மேய்த்தவர். 23-ம் சங்கீதத்தை எடுத்தார். உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும் என்று அதில் வருகிறது. “ஆடு மேய்க்கிறவன் கையில கம்பு எதுக்கு இருக்கு? தொரட்டியால குழை அறுத்துப் போடுவான். முள்ளை விலக்குவான். பாம்பை விரட்டுவான். வழி மாறிப் போற ஆட்டுக்கு முன்னால நீட்டுவான். ஆட்டையே அடிச்சா அது அவனைக் கண்டு ஓடும், அப்புறம் நரிக்குத்தான் ஆகும்” என்றார். கம்பை வீசிவிடச் சொல்லவில்லை. அதை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்.

சரி, பிள்ளை கடித்தால் என்ன செய்வது? நான் இப்போது செய்வது இது. கையை மெதுவாகப் பிடித்து, கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, “கடிக்கக் கூடாது. அவனுக்கு வலிக்கும்” என்று மட்டும் சொல்வேன். ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் பேசினால் அந்த வயதுக்கு எல்லாம் வெறும் இரைச்சல். கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குவேன், கடித்தவளையும் கூட வைத்துக்கொண்டே ஈரத் துணியால் ஒற்றிவிடச் சொல்வேன். எந்த நேரத்தில் கடிக்கிறாள் என்று கவனித்தேன் என்றால் முக்கால்வாசி விடை அங்கேயே கிடைத்துவிடும். அந்தப் பிள்ளை கடித்ததெல்லாம் காலை பத்தரை, பதினொன்றுக்குத்தான். வீட்டில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துகொண்டிருந்தாள். நான் அதைக் கண்டுபிடித்தது அடித்த பிறகுதான்.

உங்கள் மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் வளர்ந்த விதம் அது. வேதம் வாசிக்கிறவர்கள் என்பதால் கொலோசெயர் 3-ல், பிள்ளைகள் மனம் மடிந்துபோகாதபடிக்குக் கோபமூட்டாதிருங்கள் என்று தகப்பன்மாரிடம் சொல்கிற இடத்தை ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘ரொம்ப இடம் கொடுக்காதே’ என்பது என் காதிலும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நான் கொடுக்கிற இடத்துக்கு வேலி உண்டு. சோற்றுத் தட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, அடுத்தவர் மேல் கை வைக்கக் கூடாது. இந்த மூன்றும் எல்லா நாளும் ஒன்றுபோலத்தான். என் மனநிலையைப் பொறுத்து மாறாது.

பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது உதவும்.

பேத்தி அங்கன்வாடியில் முட்டையை வாயில் வைத்ததும் துப்பிவிடுகிறாளாம். சத்து குறைந்துவிடுமோ என்று கவலை.
– வாசகர், விருதுநகர்

வாரத்தில் மூன்று நாள் முட்டை போடுகிறோம், அதனால் அடுத்த நாளும் வாய்ப்பு இருக்கிறது. வாயில் திணிக்க வேண்டாம். மஞ்சள் கருவைச் சோற்றில் மசித்து, துளி உப்பும் மிளகும் போட்டுப் பாருங்கள். முட்டையை ஆசையாகத் தின்கிற பிள்ளை பக்கத்தில் அவளை உட்கார வைக்கச் சொல்லுங்கள். எடை மாதாமாதம் கூடுகிறதா என்று டீச்சரிடம் வளர்ச்சி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கூடினால் கவலை வேண்டாம்.

மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் தினமும் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே ஓடுகிறான். மந்தமாக இருக்கிறானோ?
– வாசகர், மதுரை

இல்லை ஐயா. இன்றைக்கு அவன் தூங்கும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கும். அவன் வயதில் அதில் பாதிகூட எலும்பாக இறுகியிருக்காது, குருத்தாகத்தான் இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுது என்றால் வலிக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததால் ஓடுகிறான்.

கைக்கு வேலை கொடுங்கள், பென்சில் தானாகப் பிறகு வரும். எங்கள் மையத்தில் புளியங்கொட்டையைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றுவோம். பனையோலையில் காற்றாடி மடிப்போம். நுங்குக் கூந்தலில் (நுங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற காயில்) வண்டி செய்வோம். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள், பட்டாணி உரிக்கக் கொடுங்கள், துணிக்கு கிளிப் மாட்டச் சொல்லுங்கள். விரல் நுனிக்குப் பலம் ஏறும்.

எழுத்து வேண்டுமா, மணலில் எழுதட்டும். எங்களுக்குத் தேரி மண் வாசலிலேயே கிடக்கிறது, சல்லடையில் சலித்துத் தாம்பாளத்தில் பரப்பினால் பட்டுப்போல இருக்கும். ‘ட’ எழுதத் தெரியாத பிள்ளை அதில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுக்கும், தப்பாகப் போனால் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கும். தப்பு இருந்த இடமே தெரியாது. ரப்பரால் அழித்த பக்கம் போல அழுக்கும் ஆகாது, திட்டும் கிடைக்காது. விஜயதசமிக்கு அரிசியில் பிள்ளை விரலைப் பிடித்து எழுத வைக்கிற வழக்கத்திலும் இந்தச் சங்கதிதான் இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மணலில்தான் ஓடின. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தன் பள்ளிக்கு அதை எடுத்துக்கொண்டார். பிறகு அந்த முறை இங்கிலாந்துக்கும் போனது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையிலும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பிள்ளை எழுதும்.

பள்ளியில் போய் மரியாதையாகவே சொல்லுங்கள்: “வீட்டில் எழுத மாட்டான், மணலில் எழுதுகிறான், அது போதும்.” ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள். மூன்றரை வயதில் படிப்பை வெறுத்துவிட்ட பிள்ளையைத் திரும்பப் படிப்பின் பக்கம் கொண்டுவருவது மிகவும் கஷ்டம்.

என் பேரனுக்கு இரண்டரை வயது. ‘அம்மா’ தவிர வேறு பேச்சு இல்லை. போன் கையில் இருந்தால் போதும். குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறோம். அவன் தாத்தாவும் லேட்டாகத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

காத்திருக்காதீர்கள், அம்மா. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி மகனும் இரண்டரை வயதில் இப்படித்தான் இருந்தான். தாத்தா லேட்டாகப் பேசினார் என்று எங்கள் வீட்டிலும் சொன்னோம். தினம் ராத்திரி அவன் பேர் சொல்லி ஜெபம் செய்தோம். தம்பி மனைவி பயந்துபோய் என்னிடம்தான் கேட்டாள், “மைனி, நீங்க இவ்வளவு பிள்ளைகளைப் பார்க்கிறீங்களே, இவன் எப்படி?” நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். பேசிவிடுவான் என்றேன். அவனுக்கு நாலரை வயதாகும்போதுதான் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. கருவி மாட்டிய அன்றைக்கு வெளியே காக்கை கத்தியதும் திரும்பிப் பார்த்தான். அது என்ன என்று தன் அம்மாவிடம் கையால் கேட்டான். இப்போது கல்லூரியில் படிக்கிறான், நன்றாகவே பேசுகிறான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வயது முடியும்போது ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் சோதனை காதுக்குத்தான். அரசுத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். பிள்ளைகளின் குறைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு இடையீட்டு மையம் இருக்கிறது, காசு கிடையாது. காது சரி என்று வந்தால் அடுத்தது என்ன என்று அவர்களே சொல்வார்கள். போனை எடுத்துவிடுங்கள். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. போன் பேசும், ஆனால் அவன் பதிலுக்குக் காத்திருக்காது. நீங்கள் காத்திருப்பீர்கள்.

நேர்ந்ததைச் செலுத்துங்கள், அதில் தப்பே இல்லை. நானும் ஜெபத்தை நிறுத்தவில்லை. கோயிலுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

எனக்கு 27 வயது, இரண்டு பிள்ளைகள். அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட ஆசை. ‘ஊர்ப் பிள்ளைக்கு மூக்குச் சிந்தப் போனால் உன் பிள்ளையை யார் பார்ப்பது’ என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருவாரூர்

வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி, தங்கச்சி. பதில் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

முதலில் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாட்டும் கதையும் ஒரு பங்குதான். எடை போட வேண்டும், சத்துமாவு அளந்து கொடுக்க வேண்டும், தடுப்பூசி நாளில் ஒவ்வொரு வீடாகப் போய் அழைத்து வர வேண்டும், கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்து வர வேண்டும், எல்லாவற்றையும் பதிவேட்டிலும் போனிலும் ஏற்ற வேண்டும். சம்பளம் சிறப்புக் காலமுறை ஊதியம், பெரிய தொகை இல்லை. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்ட அன்றைக்கு எங்களில் அழாதவர்கள் குறைவு. அங்கன்வாடிகளை நடத்துகிற ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி) திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கியது. எங்களையும் வேலை செய்கிறவர்கள் என்று எண்ணிப் பார்க்க அத்தனை வருஷம் ஆனது.

வீடு வீடாகப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊரில் 1940-களில் தாராபாய் மோடக் அம்மா பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று அந்த வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அதிலிருந்து வந்த பெயர்தான் அங்கன்வாடி.

என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது என் அத்தை, அதாவது மாமியார். மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது மத்தியானம் ஒரு மணிக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையை மூடிக்கொண்டு பால் குடிக்க மையத்துக்குத் தூக்கி வருவார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஊரில் இருக்கிற நாளில் மையத்து ஊஞ்சல் கயிற்றை மாற்றுவதும், கூரை ஓடுகளைச் சரிபார்ப்பதும் அவர்தான். இந்த மூன்று பேர் இல்லாமல் நான் இல்லை. அம்மாவையும் சேர்த்துத்தான் மூன்று.

அப்படியிருந்தும் ஒரு குறை நடந்தது. மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு நாள் ராத்திரி சொன்னாள்: “அம்மா, நீ அங்க அம்மா மாதிரி இருக்க. வீட்டுலதான் டீச்சர் மாதிரி இருக்க.” அன்றைக்கு மூன்று பிள்ளைகள் உடுப்பிலேயே போய்விட்டதைக் கழுவி, சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு வந்திருந்தேன். இவள் தண்ணீரைக் கொட்டியதற்குக் கத்தியிருந்தேன். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம் அடுப்பும் கிடையாது, பதிவேடும் கிடையாது. அவளோடு நடையில் உட்கார்ந்து எதையாவது தின்போம். பெரும்பாலும் பொரிகடலை, பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கு. அவள் பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் சும்மா இருப்பேன். கல்யாணமாகிப் போன பிறகும் ஊருக்கு வந்தால் அந்த நேரத்துக்கு நடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

உங்கள் வீட்டில் யார் எந்த மணிக்கு எந்தப் பிள்ளையைப் பார்ப்பது என்று ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அறிவிப்பு வரும்போது தகுதியையும் வயதையும் பார்த்துப் போடுங்கள். மூக்குச் சிந்துகிற வேலைதான். நல்ல வேலை.

27 வருஷம் ஒரே அறை, ஒரே பாட்டு. சலிப்பு வரவில்லையா? காலையில் கதவைத் திறக்கும்போது என்ன நினைப்பீர்கள்?
– வாசகி, ஈரோடு

உடம்பு சலிக்கும். தரையில் உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்துவிட்டது. மனம் சலித்த நாள் இருக்கிறது என்றால், அது பிள்ளைகளால் வந்தது இல்லை, பதிவேடுகளால் வந்தது.

காலையில் பூட்டைத் திறந்ததும் முதலில் பெருக்குவேன். எங்கள் ஊர்க் காற்றுக்கு ராத்திரிக்குள் செம்மண் ஒரு விரல் கனத்துக்கு ஏறிவிடும். பெருக்கும்போது பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன். வாய்விட்டு இல்லை, அம்மா அடுப்புப் பக்கம் நின்றது போலத்தான். யாருக்கு நேற்று வயிற்றுப்போக்கு, யார் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தார், யாருக்குத் தம்பி பிறந்திருக்கிறான் என்று அந்தப் பெயர்களோடு சேர்ந்து எல்லாம் வரும். அந்தப் பட்டியலில் இசக்கியும் இருக்கும், பாத்திமாவும் இருக்கும், எஸ்தரும் இருக்கும். பெருக்கி முடிக்கவும் பெயர்கள் முடியவும் சரியாக இருக்கும். அதற்குள் வாசலில் முதல் செருப்புச் சத்தம் கேட்டுவிடும்.

இப்போது பதிவேட்டில் 19 பேர். பொங்கல் முடிந்ததும் ஒரு குடும்பம் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டோம். பெருக்கும்போது மட்டும் இருபது பெயர் சொல்கிறேன்.